அம்மா என்று எழுதிய டப்பி

பால் விஷயத்தில் அவள் கை தப்பாது என்று எல்லோரும் நம்பியதுதான் கடைசியில் அவளுக்கு வினையாகப் போயிற்று.

மிருகக்காட்சிசாலையின் பின்பக்கத்தில், தீவனக் கிடங்குக்கும் விலங்கு ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்த சின்னக் கட்டடத்தில் அவளுக்கு வேலை. வாசலில் வைக்கோல் வாசம், உள்ளே மருந்து வாசம். அங்கிருந்த உறைபெட்டியைத் திறந்தால் கரடி, ஒட்டகம், சிறுத்தை, கடல்சிங்கம் என்று ஒரு காடே கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் உறைந்து கிடக்கும். எல்லாம் தாய்ப்பால். வருகிற பாலைப் பிரித்து, குப்பியில் ஊற்றி, இனம், எண், தேதி அச்சடித்த லேபிளை ஒட்டி, முறை வரும்போது இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு லேபிள்கூட இதுவரை கோணலாக ஒட்டியதில்லை. அதனாலேயே அவளுக்கு 'லேபிளம்மா' என்று பெயர் வந்துவிட்டது.

இத்தனை பாலையும் சேர்த்து அங்கே தேடியது ஒன்றே ஒன்றைத்தான், சர்க்கரை. நாம் டீயில் போடுகிற சர்க்கரை இல்லை. சின்னச் சின்னச் சர்க்கரைகள் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு கிளை விட்டு நிற்கிற கூட்டுச் சர்க்கரை. கட்டடத்துக்குத் தலைவியான ஆராய்ச்சியம்மா அதை வேலைக்கு வந்த புதிதிலேயே அவளுக்குப் புரியவைத்திருந்தார்.

"பால்ல ரெண்டு சமையல் இருக்கும்மா. ஒண்ணு குட்டிக்கு. இன்னொண்ணு குட்டி வயித்துல குடியிருக்கிற நல்ல கிருமிக்கு. குட்டியால இந்தச் சர்க்கரையைச் செரிக்கவே முடியாது. பெத்தவ வாடகைக்கு இருக்கிறவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறா, அவ்வளவுதான்."

ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு சமையல். கரடிப் பாலில் சாதாரணப் பால்சர்க்கரை பெயருக்குத்தான் இருக்கும், கூட்டுச் சர்க்கரைதான் அதிகம். கடல்சிங்கத்தின் பாலில் சர்க்கரை என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. பசும்பாலில் கூட்டுச் சர்க்கரை கொஞ்சம்தான். மனுஷப் பாலிலோ நூற்றுக்கு மேல் வகை. இயந்திரம் அதையெல்லாம் காகிதத்தில் மலை மலையாக வரைந்து தரும். மனுஷப் பாலுக்கு ஒரு மலைத்தொடரே வரும். மற்றவற்றுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் குன்றுகள்.

பிள்ளை பெற்று விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது, ஒப்பிட்டுப் பார்க்க அவள் பாலையே கொஞ்சம் கேட்டு வாங்கினார் ஆராய்ச்சியம்மா. மலைத்தொடர் வந்தது. ஆனால் நடுவில் ஒரு மலையைக் காணோம், முன்பல் விழுந்த வாய் மாதிரி.

"உன் பால்ல இந்த ஒரு சர்க்கரை வராது. அஞ்சு பேர்ல ஒருத்திக்கு அப்படித்தான், பிறவி வாகு. இதுல குறை ஒண்ணுமில்ல, தெரியுதா?"

தெரியுது மேடம் என்று தலையாட்டினாள். மனசு ஆடவில்லை. பிள்ளைக்கு ஒரு பங்கைத் தராமல் ஏமாற்றுகிறோம் என்கிற நினைப்பு அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுதான், எழுந்து போகவே இல்லை.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள் புருஷன். ரொட்டி பேக்கரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, மாவு வாசத்தோடு வந்து அரைத் தூக்கத்தில் தொட்டில் ஆட்டுவான். பெண் குழந்தை. எந்நேரமும் எதையாவது உறிஞ்சிக்கொண்டே இருப்பாள் என்று அவளுக்குக் 'கொசு' என்று பெயர் வைத்திருந்தான். கொசுவுக்காக அவள் வேலை இடத்திலேயே பம்ப் வைத்துப் பால் எடுத்து, பையில் ஐஸ் வைத்துக் கொண்டுபோவாள். அதற்கென்று மாதிரி அறையின் மூலையில் ஆராய்ச்சியம்மாவே தன் பழைய வெள்ளைக் கோட்டை ஆணியடித்துத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். "இந்த இடத்துல சம்பளம் வாங்குற ஒரே பாலூட்டி நீதான். உனக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார்.

டப்பிகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிருமி நீக்கி மூடிவைத்த டப்பி, நல்லதுதானே. ஒரு தடவை அவள் புருஷன் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்ததை எடுத்துத் தன் டீயில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ என்னமோ அமிர்தமா இருக்கே" என்றான். அதிலிருந்து டப்பி மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'அம்மா' என்று பேனாவால் எழுதிவிடுவாள்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அதே சொல்லை எழுதுகிற இன்னொரு ஆளும் அங்கே இருந்தார் என்பதுதான் சங்கடம்.

கொரில்லாவைப் பார்த்துக்கொள்கிறவரைக் கொரில்லா அண்ணா என்பார்கள். ஆள் ஊதினால் பறப்பார். குட்டி போட்ட கொரில்லாவிடம் கொஞ்சம் பால் வாங்கித் தர வேண்டும் என்று ஆராய்ச்சியம்மா கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. முதலில் கம்பி ஓரம் வந்து உட்காரப் பழக்கினார். அப்புறம் மார்பைக் கம்பியில் சாய்க்க. அப்புறம் கையுறை போட்ட கை பட்டால் சும்மா இருக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப்பிள் துண்டு, ஒரு கெஞ்சல். "அம்மா, தாயே, கொஞ்சம் மனசு வைம்மா. உன் புள்ளைக்கு மிச்சம் வெச்சிட்டுத்தான் கேக்கறேன்." பல மாசம் அப்படியே போயிற்று. மனசு வரும்போது அது தரும், வராதபோது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஒட்டகமோ கரடியோ, குட்டி போட்டது எதுவானாலும் அவருக்கு அம்மாதான். கொண்டுவருகிற டப்பியிலும் அதையே எழுதுவார்.

"அண்ணா, இனம், எண், தேதி எழுதணும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"பெத்தவளை நம்பர் போட்டுக் கூப்பிடுவாங்களா லேபிளம்மா? அதெல்லாம் உங்க வேலை. ஒட்டிக்குங்க."

அவளும் சிரித்துக்கொண்டே அவர் டேப்பை உரித்துவிட்டு லேபிள் ஒட்டுவாள்.

கொரில்லா மனசு வைத்த அந்த நாளில் அவளுக்குப் பாலே சரியாக இறங்கவில்லை. அரை டப்பிதான் தேறியது. திரைக்கு வெளியே வந்து, டப்பியைத் தட்டில் வைத்து டேப் ஒட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன். பின்னணியில் கொசு வீல் வீல் என்று கத்துகிறாள்.

"கிலுகிலுப்பையை எங்க வெச்ச?"

"தலகாணி உறைக்குள்ள பாருங்க."

"எந்தத் தலகாணி? இங்க நாலு கிடக்கு!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் தலையணை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கொரில்லா அண்ணா உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். பேச வேண்டாம் என்று சைகை காட்டி, அரை டப்பிப் பாலைத் தட்டில் வைத்துவிட்டு, ஜெயித்த ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். தட்டில் இரண்டு அரை டப்பி. இரண்டிலும் 'அம்மா'. அவள் ஒன்றின் டேப்பை உரித்து, கொரில்லா என்று அச்சடித்த லேபிளை ஒட்டினாள். வழக்கம்போல நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல். மற்றதைப் பையில் ஐஸுக்கு நடுவே வைத்து மூடினாள்.

அந்தப் பாலின் சோதனை முடிவு வந்தது அடுத்த வாரம் ஒரு காலையில்.

"லேபிள், ஓடி வா!" என்ற சத்தத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தாள். ஆராய்ச்சியம்மா காகிதத்தை மேஜை மேல் விரித்து இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். "கொரில்லா பாலைப் பாரு. இத்தனை வகைச் சர்க்கரை மனுஷனைத் தவிர வேற எதுலயும் நான் பார்த்ததே இல்ல. நாம நினைச்சிட்டிருந்ததே தப்போ என்னமோ! இத்தனை வகை நம்மளோட ஆரம்பிக்கல, அதுக்கும் முன்னாடியே..."

மேற்கொண்டு அவர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மலைத்தொடரின் நடுவில் ஒரு மலையைக் காணோம். விழுந்த பல்லின் இடம் அப்படியே இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் தெரியாமலா போகும்? அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மனுஷப் பால் எங்கயாவது கலந்திருக்குமோன்னு ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம்," என்றார் ஆராய்ச்சியம்மா. "அப்புறம்தான், சீ, லேபிள் ஒட்டினது நீயாச்சே, உன் கை எங்க தப்பப் போகுதுன்னு விட்டுட்டேன். மத்தியானக் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டப்போறேன்."

"மேடம்..." என்றாள்.

"என்னம்மா?"

தன் பால் குப்பியில் இருக்கிறது என்றால் கொரில்லாவின் பால் எங்கே? அந்தக் கேள்வி அப்போதுதான் அவளுக்கு உதித்தது.

"ஒண்ணுமில்ல மேடம். சந்தோஷம்."

திரைக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"போன வாரம் அரை டப்பி கொண்டுவந்தேனே, அது...?"

"அதுவா? அன்னிக்கு ராத்திரியே காலி. ஒரே மூச்சுல குடிச்சிட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா. ஏன்?"

"சும்மாதான்."

"இவளுக்கு உடம்பு இன்னும் கதகதன்னுதான் இருக்கு. வயிறும் நேத்து மாதிரியே போகுது. சாயங்காலம் சீக்கிரம் வந்துடு, டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

இப்பவே தூக்கிக்கிட்டு ஓடுங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இப்பவே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டுக்குள் தொடங்கி ஆராய்ச்சியம்மா மேஜை வரை எல்லாம் உடையும்.

"சரி, சாயங்காலம் போலாம்," என்றாள்.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைச் சாயங்காலம் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். அதுவும் தன் பெயர் கெடாமல் இருக்க. மறுபடி எண்ணை அழுத்தப் போனாள். விரல் போகவில்லை. முதலில் கொரில்லாவுக்கு நோய் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்வோம், இல்லையென்றால் பயமே இல்லையே, அப்புறம் யாருக்கும் சொல்லவும் வேண்டாமே என்று தனக்குத் தானே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டாள்.

கொரில்லா அண்ணா கூண்டுக்குப் பின்னால் தீவன வாளி கழுவிக்கொண்டிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் கொரில்லா குட்டியை மடியில் போட்டு அதன் தலையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இதுக்கு நோய் நொடின்னு ஏதாவது உண்டா?"

"என்ன, உங்க வீட்டுக்குப் பொண்ணு எடுக்கப்போறீங்களா? குடும்பம் நல்ல குடும்பம். பையன் வீட்டுல வாழைப்பழம் மட்டும் தாராளமா இருக்கணும்."

"விளையாடாதீங்க அண்ணா."

"ஒரு நோயும் இல்ல. போன வாரம் கொஞ்சம் சளி, இருமல். பால் குடுத்த அன்னிக்குக்கூட மூக்கு ஒழுகிக்கிட்டுதான் இருந்துச்சு. அப்படி இருந்தும் குடுத்துச்சு பாருங்க, அதான் அம்மா." வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இனிமே குடுக்குமான்னு தெரியல. நேத்துலருந்து கம்பிகிட்டயே வர மாட்டேங்குது. நல்லவேளை, நமக்கு அரை டப்பியாவது கிடைச்சிருச்சு."

கொரில்லா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அது எல்லோரையும்தான் அப்படிப் பார்க்கும். அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானக் கூட்டத்தில் மலைத்தொடர் சுவர் அளவுக்கு விரிந்தது. ஆராய்ச்சியம்மா வாத்தியாரம்மா மாதிரி குச்சி வைத்துக் காட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி நடுவில் நடுவில் சிரித்தார். "இதுக்கு ரெண்டு பேருக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று கொரில்லா அண்ணாவையும் அவளையும் எழுந்து நிற்கச் சொன்னார். அண்ணா வெட்கத்தில் நெளிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சும்மா நின்றால் யாராவது கவனிப்பார்களோ என்று அவளும் கை தட்டினாள்.

சாயங்காலம் குழந்தை டாக்டரின் அறையில் கொசுவின் உடம்பு அடுப்பு ஓரத்து ஓடு போலச் சுட்டது. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"புதுசா ஏதாவது குடுத்தீங்களா?"

"தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேற எதுவும் கிடையாது டாக்டர்," என்றான் புருஷன். அதில் அவனுக்கு ஒரு பெருமை. "வேலைக்குப் போனாலும் எடுத்துக்கிட்டு வந்துடுவா. அதுல மட்டும் குறையே வெச்சதில்ல."

டாக்டர் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டால் இந்த விஷயம் அவளோடு போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கொசு மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்டது.

"குடுத்திருக்கு டாக்டர்," என்றாள். "கொரில்லா பால்."

"எந்தக் கம்பெனி பவுடர் அது? நான் கேள்விப்பட்டதில்லையே."

"பவுடர் இல்ல. கொரில்லா. நிஜக் கொரில்லா."

புருஷன் சிரித்துவிட்டான். "இவ மிருகக்காட்சிசாலையில வேலை பார்க்குறா டாக்டர். எப்பவும் இப்படித்தான் ஏதாவது..." அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் சொன்னாள். இரண்டு டப்பி, இரண்டிலும் ஒரே சொல், போன், தலையணை. சொல்லச் சொல்ல அது பைத்தியக்காரக் கதை மாதிரி அவளுக்கே பட்டது. கொரில்லாவுக்குச் சளி இருந்ததையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அந்த விலங்கோட ரிப்போர்ட் எனக்கு இப்பவே வேணும். யார்கிட்ட கேக்கணும்?"

போனை மேஜையில் வைத்து, டாக்டருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு லேபிள்!" ஆராய்ச்சியம்மாவின் குரலில் இன்னும் மத்தியானத்துச் சந்தோஷம் ஒட்டியிருந்தது. "தலைமையிடத்துல எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க, தெரியுமா? நாளைக்கு..."

"மேடம், அது கொரில்லா பால் இல்ல. என்னோடது. டப்பி மாறிப்போச்சு. கொரில்லாவோடதை எங்க பாப்பா குடிச்சிட்டா. பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட இருக்கோம்."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா எப்படி இருக்கு?" என்றார் ஆராய்ச்சியம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருந்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

டாக்டரும் அவரும் பேசிக்கொண்டார்கள். குட்டி போடுவதற்கு முன் கொரில்லாவின் ரத்தத்தைச் சோதித்தாயிற்று, பெரிய வியாதி எதுவும் இல்லை. சளிக்கும் மூக்கில் மாதிரி எடுத்தார்கள், மனுஷர்களிடமிருந்து தொற்றிய சாதாரணச் சளிதான். பிள்ளைக்கும் அதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. ரிப்போர்ட்டை அப்போதே அனுப்புவதாகச் சொன்னார் ஆராய்ச்சியம்மா. அப்புறம், "அவ இருக்காளா?" என்றார்.

"இருக்கேன் மேடம்."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. இப்போதுதான், டாக்டர் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"காலையில. நீங்க காகிதத்தைக் காட்டினப்பவே."

"கை தப்புறது யாருக்கும் நடக்கும்மா," என்றார். குரல் மிகவும் மெதுவாக வந்தது. "ஆனா நான் அவ்வளவு பேர் முன்னாடி ஆடினதைப் பார்த்துக்கிட்டே நின்னியே. கையும் தட்டினியே." அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "காலையிலயேவா? எனக்குப் போன் பண்ணினியே."

"ஆமா."

"டப்பியைப் பத்திக் கேட்டியே. ஏன்னு கேட்டதுக்குச் சும்மான்னியே."

"ஆமாங்க."

"இவளுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். சாயங்காலம் பார்க்கலாம்னு சொன்னே நீ."

தனக்கென்று வைத்துக்கொண்ட வக்கீல் எப்போதோ இறங்கிப் போய்விட்டிருந்தார்.

ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாள். "யாராவது ஒருத்தர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கணும்," என்றாள். எப்போதும் ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிப்பது அவன்தான். அவளால் அதைப் பார்க்க முடியாது, வெளியே போய் நின்றுகொள்வாள். அன்றைக்கு அவன் கொசுவை அவள் மடியில் போட்டான்.

"நீ பிடி," என்றான்.

பிடித்தாள். அந்தக் கை இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. கொசு மூச்சடங்கிப் போய், பிறகு கட்டடமே அதிர்கிற மாதிரி கத்தினாள். இரண்டாவது குத்து. அவள் கண்ணை மூடவில்லை. குழாயில் சிவப்பு ஏறுவதை முழுவதும் பார்த்தாள்.

பஞ்சு வைத்து ஒட்டியதும் கொசு விக்கிக்கொண்டே முகத்தை அவள் மார்பில் போட்டுத் தேய்த்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். புடவை நனைந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் பம்புக்கு வராத பால் இப்போது தானாக வழிந்தது. முந்தானையில் கை வைத்தவள் அப்படியே நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க இன்னொருவர் முகத்தைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கொசுவின் அழுகை ஏறிக்கொண்டே போயிற்று.

"குடு," என்றான், திரும்பாமலே. "அதுக்குப் பசிக்குது."